ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு டார்ச்

ஜூன் 3, திங்கள்

என் டார்ச் இன்று நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது.

இரண்டு மூன்று மாதமாகவே மங்கிக்கொண்டு வந்தது. போன மாதம் நான் கழித்த முட்டைகளில் மூன்று உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம் என்று முதலாளியிடம் அப்போதே சொன்னேன். இன்று அவரே கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐந்நூறு ரூவாய்க்குள்ள நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக்கம்மா. உனக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருடமாக இந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் முட்டை பார்க்கிறேன். நாட்டுக்கோழி முட்டைக்கு ஓடு பழுப்பு. சாதாரண வெளிச்சம் உள்ளே போகாது. அடை வைத்த பத்தாம் நாள் இருட்டறையில் அகன்ற முனையில் டார்ச்சை அழுத்திப் பிடித்தால், கரு பிடித்த முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்போல ஓடும். பிடிக்காதது வெறுமனே மஞ்சளாக எரியும். அது கழிவு. கழித்தவர் அதன்மேல் தன் எழுத்தைப் பென்சிலால் போட வேண்டும். நான் 'கோ'. தெய்வானை 'தெ'. சாயங்காலம் முதலாளி சென்னியப்பன் கழிவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து உடைத்துப் பார்ப்பார். செவ்வாயும் வெள்ளியும் இதுதான் நடைமுறை.

பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு ஜூம் டார்ச் கிடைத்தது. நூற்று எண்பது ரூபாய். நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

தாக்குப்பிடிக்கவில்லை. லென்ஸை இழுத்தால் வட்டத்துக்குப் பதில் சதுரமாக, நடுவே கட்டம் போட்ட வெளிச்சம் விழுகிறது. அணைத்துவிட்டுப் போட்டால் மங்கல், மறுபடி அழுத்தினால் விட்டு விட்டு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் எல்லா முட்டையும் துடிப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் முதலாளி இருபது உடைத்தார். 'கோ' போட்டதில் நான்கு உயிர். எவர்சில்வர் தட்டில் நான்கும் சுருண்டு கிடந்தன. பத்தாம் நாளில் குஞ்சுக்கு உடம்பைவிடக் கண்தான் பெரிது. கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக. அதற்குக் கீழே இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் இதைப் பார்த்து வரைந்து பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"ஏம்மா கோகிலா, படிச்ச புள்ளைக்கு நாஞ் சொல்லோணுமா? இது கழிவா?"

"டார்ச் சரியில்லீங்க. ஞாயித்துக்கிழமை ஈரோடு போயி நல்லதா வாங்கிட்டு வந்துடறேன்."

"வாங்கு. ஆனா இனியும் இப்புடி வந்துச்சுன்னா வேற ஆளத்தான் உள்ள உடோணும். பொறவு என்னையச் சொல்லப்படாது."

வேறு ஆள் வந்தால் இந்த வீடும் அந்த ஆளுக்கு. பொரிப்பகத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் நான்கு வீடுகளில் இது ஒன்று. என் கணவர் தீவன மூட்டை லோடிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. கோலூன்றிக் குளியலறை வரை போய் வருவார். அவரை வைத்துக்கொண்டு வேறு எங்கே போக?

அவரிடம் சொல்லவில்லை. டார்ச் பழுது என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

இரண்டு உயிர். முதலாளி தட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

தள்ளுவண்டியில் இடது முழங்கால் மோதி நீலம் பாய்ந்துவிட்டது. வண்டியைக் கண்ட இடத்தில் விடுகிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

ஈரோடு. ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவதில் இப்ராகிம் பாய் என்று ஒருவர், நிதானமானவர்.

"என்ன வேலைக்கும்மா?"

"முட்டை பார்க்க."

"முட்டைய எதுக்கும்மா டார்ச் அடிச்சுப் பாக்கணும்? ஆம்லெட்டுக்கு எண்ணெய் இருந்தாப் போதாதா?"

விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பத்தாயிரம் லூமென் என்று அட்டையில் அச்சடித்திருந்த ஒன்றை நான் எடுத்தபோது கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அது டப்பாவோட வெளிச்சம். உள்ள இருக்கறது வேற. அஞ்சு நிமிசம் ஜோரா எரியும், பொறகு சூடாகித் தானே கொறைஞ்சுடும். நீங்க எத்தனை மணி நேரம் போடுவீங்க?"

"நாலு மணி நேரம்."

"அப்ப முந்நூறு லூமென் போதும், ஆனா கடைசி வரைக்கும் ஒரே மாதிரி எரியணும். ஜூம் வேணாம். தலை சின்னதா இருக்கணும், முட்டையில பதியணும். சுவிட்ச்சு பின்னாடி, அழுத்துனா எரியணும், அழுத்துனா அணையணும், அவ்வளவுதான். வெள்ளை வெளிச்சம் வாங்காதீங்க. நீலம் கலந்திருக்கும், செவப்பு செத்துப்போயிடும். மஞ்சள் எடுங்க."

நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை! கடை ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கி, டார்ச்சைத் தன் விரல்களுக்கு அடியில் வைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், "அட, நரம்பெல்லாம் கோடு கோடாத் தெரியுதே" என்றார்.

எனக்கும் சிவப்பாகத் தெரிந்தது.

நானூற்று முப்பது ரூபாய். சார்ஜ் செய்யும் பேட்டரியோடு.

ஜூன் 11, செவ்வாய்

சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி டார்ச்சின் வாயில் மாட்டினேன். முட்டையைச் சுற்றி ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. வேலை முடிந்ததும் துணியில் சுற்றி வைத்தேன். தெய்வானை வாங்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, தங்கத்துல செஞ்ச டார்ச்சா, இப்புடித் துணி சுத்தி வெச்சிருக்கீங்க?"

அவள் பயன்படுத்துவது, பிளாஸ்டிக் வாய் உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய டார்ச். என்னைவிட வேகமாகப் பார்க்கிறாள். முப்பது வயது. வேகம் வயதைப் பொறுத்தது.

சாயங்காலம் முதலாளி இருபது உடைத்தார். உயிர் ஒன்றுகூட இல்லை!

ஜூன் 14, வெள்ளி

இன்றும் இல்லை. முதலாளி கடைசி முட்டையையும் உடைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். இதே டார்ச்சில் இன்னும் இரண்டு வாங்கிவரச் சொன்னார். "பாய்க்கு ஒரு கோழி அனுப்பி வெக்கலாம் போல" என்றார். நான் சிரித்தேன். தெய்வானையும் சிரித்தாள், ஆனால் கழிவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். கழிவைக் கிடங்குக்குக் கொண்டுபோவது எப்போதும் அவள் வேலை.

நானூற்று முப்பது ரூபாய்க்கு ஒரு மனுஷிக்குத் தூக்கம் திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

அவருக்கு முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். துவரை வறுத்தேன். காபி கலந்தபோது சர்க்கரை டம்ளருக்கு வெளியே விழுந்துவிட்டது.

"எறும்புக்கும் சேத்துக் காபி போடறயா கோகிலா?" என்றார். "நேத்தும் போட்ட."

பேச்சு எங்கோ சுற்றி என் அப்பாவிடம் வந்தது. அப்பா கடைசிப் பத்து வருடம் கண்ணாடிக் கடைகளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். ஏழு கண்ணாடி மாற்றினார். ஒருவன் பவரைத் தப்பாக எழுதிவிட்டான், ஒருவன் மட்டமான கண்ணாடி போட்டுவிட்டான். ஏழாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோயில் படியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு போய்விட்டது, அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருக்கணும் என்றார்கள். பரம்பரையாக வரும், பிள்ளைகள் வருடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

"நீ காட்டுனயா?" என்று கேட்டார் இவர்.

"எனக்கு என்ன? இந்த வாரம் பூராவும் ஒரு முட்டைகூடத் தப்பல."

ஜூன் 18, செவ்வாய்

தெய்வானை வரவில்லை. அவள் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டை விட்டு வரமாட்டாள். ஒரு வாரமாவது ஆகும். தனியாகப் பார்த்தேன். கழிவையும் நானே கிடங்குக்குக் கொண்டுபோனேன்.

இருபதில் ஒன்பது உயிர்.

பேட்டரி சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். முதலாளிக்காக வாங்கிய மற்ற இரண்டு டார்ச்சையும் போட்டுப் பார்த்தேன். வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கடை முட்டை ஒன்றை வைத்துப் பார்த்தேன். அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த முறை கேலி செய்யவில்லை.

திங்கட்கிழமை ஆன்லைனில் சொல்லி வைத்திருந்த பத்தாயிரம் லூமென் டார்ச் மதியம் வந்தது. திங்கட்கிழமை ஏன் சொல்லி வைத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தானே இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

டப்பாவோட வெளிச்சம் என்று பாய் சொன்னது சரி. முதல் பத்து முட்டை வெயில்போல எரிந்தன. பிறகு கை சுட்டது, வெளிச்சம் இறங்கிவிட்டது. எரிந்தவரைக்கும் முட்டையைச் சுற்றி வானவில்போல ஒரு வளையம். கண்ணில் நீர் வழிந்தது.

பதினொன்று.

முதலாளி தட்டைக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "செவ்வாக்கெழம ஒருக்கா பாக்கறேன். அதான் கடைசி. உனக்கு என்னமோ ஆயிப்போச்சு கோகிலா. ஊட்டுல எதாச்சும் பிரச்சினையா?"

டார்ச்சைப் பற்றி இனி அவரிடம் பேச முடியாது. கேட்க மாட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

தெய்வானை வந்துவிட்டாள். மகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. வேப்பிலை வாசம் அவள் சேலையில் இருந்தது.

மஞ்சள் டார்ச்சிலேயே பார்த்தேன். முப்பது முட்டை எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. தனித் தட்டில் எடுத்து வைத்தேன். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பென்சில் முனை மழுங்கியிருந்தது. சீவினேன்.

எழுதினேன்.

ஜூன் 26, புதன்

நேற்று முழுதாக எழுதவில்லை. எழுதுகிறேன்.

'கோ' தட்டிலிருந்து முதலாளி இருபது உடைத்தார். ஒரு உயிரும் இல்லை. எனக்கே புரியவில்லை. பிறகு 'தெ' தட்டிலிருந்து இருபது. ஏழு உயிர்.

"உனக்குமா?" என்று கத்தினார். "புள்ளைக்கு அம்மைன்னா நெனப்பு அங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்ப வேலைக்கு எதுக்கு வர்ற? ஏழு உசுரு! நாளையிலருந்து வராத. போ."

தெய்வானை கழிவுத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து எழுத்தைப் பார்த்தாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பாதி முட்டையை அடைக்கிற மாதிரி பெரிதாகத்தான் எழுதுவாள். அந்த முட்டையில் எழுத்து சின்னதாக, வரிசையாக இருந்தது. சீவிய பென்சிலில் யார் எழுதினாலும் அப்படித்தான் விழும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முட்டையை மெதுவாகத் தட்டில் வைத்தாள். "சரிங்க" என்றாள். கையைக் கழுவிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

முதலாளி என் தோளைத் தட்டி, "நீ தேறிட்ட" என்றார்.



ஜூன் 27, வியாழன்

வேலை முடிந்ததும் தெய்வானை வீட்டுக்குப் போனேன். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அவள் புருஷன் கொடுப்பதில்லை. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் எதாச்சும் எழுதோணுமா?"

நின்றேன். 

"மார்ச்சு மாசத்துலருந்து பாக்கறனுங்க்கா" என்றாள், தலை நிமிராமல். "நீங்க கழிச்சதையெல்லாம் கெடங்குக்குப் போற வழியில ஒண்ணொண்ணா திருப்பிப் பாப்பேன். உசுரு இருந்தா உங்க எழுத்த அழிச்சுட்டு மறுக்கா அடையில வெச்சுருவேன். மொதல்ல ரெண்டு, மூணு. அவசரத்துல எதோ ஒண்ணு ரெண்டு உட்டுப்போகும், முதலாளி கையில மாட்டும். பொறவு நெறையா ஆச்சு. நீங்க புது டார்ச்சு வாங்குன வாரம் ஒண்ணு உடாமப் பாத்தேன். இருவத்தாறு எடுத்து வெச்சேன்."

"இருபத்தாறா?"

"டார்ச்சாம் டார்ச்சு! ஊரே பாத்துச் சிரிக்குது, உங்களுக்கு மட்டும் தெரியல. முந்தாநாளும் உங்க தட்ட உக்காந்து பாத்தேன், புள்ள வீட்டுல தனியாக் கெடக்குதுன்னுகூட நெனைக்காம. என் தட்ட நான் எதுக்குத் திருப்பிப் பாக்கோணும்? நான் போட்ட எழுத்துன்னு உட்டுட்டேன்."

என் எழுத்து போட்டிருந்தால் அந்த ஏழும் பிழைத்திருக்கும்.

"ஏன் என்கிட்டச் சொல்லல தெய்வானை?"

"எத்தன தடவ சொன்னேன்! அக்கா, கண்ணுக் காட்டுங்க, கண்ணுக் காட்டுங்கன்னு. வண்டி மோதுனப்பச் சொன்னேன். நீங்க பேட்டரியப் பத்திப் பேசுனீங்க." அவள் எழுந்தாள். சாம்பல் கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். "என் மூஞ்சியப் பாருங்க. மூஞ்சிய மட்டும். இப்ப இந்தக் கை தெரியுதா?"

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"எந்தக் கை?" என்றேன்.

தலையைத் திருப்பினேன். என் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, ஐந்து விரலையும் விரித்து, சாம்பல் சொட்டச் சொட்ட அவள் கை நின்றுகொண்டிருந்தது.

ஜூன் 28, வெள்ளி

முட்டை இறக்குவதற்கு முன்பே முதலாளி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"செவ்வாக்கெழம 'தெ' போட்ட முட்டையில ஏழு உயிர் வந்துச்சுல்லீங்க? அது நான் கழிச்சது. எழுத்தும் நான்தான் போட்டேன்."

கணக்குப்பிள்ளையை வெளியே போகச் சொன்னார். 

"ஏன்?"

"எனக்குக் கண்ணு தெரியலீங்க."

இந்த வாக்கியத்தை இதுவரை மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் தேம்பி அழுவேன் என்று பயந்தேன். அழவில்லை. 

அவர் கெட்டவர் இல்லை.  "கண்ணு தெரியலேன்னு வந்து நின்னிருந்தீன்னா ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். "இன்னொருத்தி வயித்துல அடிச்சதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

தெய்வானைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். இருட்டறைச் சாவியையும் டார்ச்சையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். கதவருகே போனபோது திரும்பக் கூப்பிட்டார். வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆடி பொறந்துட்டா எவனும் வாடகைக்கு வீடு உடமாட்டான். ஆனிக்குள்ள பாத்துக்க."

இன்னும் பதினெட்டு நாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் சீவியது வரை. அவர் கோலை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தார். எங்கே என்று கேட்டேன். "அடுப்புல பால் வெச்சிருக்கற. பொங்குது" என்றார். எனக்கு வாசம் வந்திருந்தது. பார்த்தது அவர்தான்.

ஜூலை 1, திங்கள்

வீடு பார்க்க இரண்டு இடம் போனேன். இரண்டிலும் மாடிப்படி.

தெய்வானை வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். வழியில் பார்த்தபோது நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை.

ஜூலை 3, புதன்

கோயம்புத்தூர், கண் ஆஸ்பத்திரி. தனியாகத்தான் போனேன்.

கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். இரண்டு கண்ணின் அளவையும் சீட்டில் எழுதிவிட்டு, "வீட்ல யாருக்காவது இருந்துதா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். நரம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு டெஸ்டில் தெரியும், போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு இருந்தால் முட்டை பார்க்கலாம் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

டெஸ்ட் ஒரு சிறிய இருட்டறையில். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின். முகவாயை அதில் வைக்க வேண்டும். என் வலது கண்ணை மூடிக் கட்டிய பெண், என் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"நடுவுல மஞ்சப் புள்ளி இருக்கும்மா, அத மட்டும் பாருங்க. சுத்தி எங்கயாச்சும் வெளிச்சம் வந்துச்சுன்னா ஒருக்கா அழுத்துங்க. கண்ண அலையவிடக் கூடாது."

அழுத்தினேன். இரண்டு, மூன்று. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷினுக்குள் மட்டும் ஒரு மெல்லிய சத்தம், சீரான இடைவெளியில். சத்தத்துக்கு ஒரு வெளிச்சம் என்று சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தினேன். நல்ல ரிப்போர்ட் ஒன்று கையில் இருந்தால், முதலாளி மேசைமேல் வைத்தால், ஒருவேளை. அழுத்திக்கொண்டே இருந்தேன். விரல் நன்றாகப் பழகிவிட்டது.

மிஷினை நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, வெளிச்சமே போடாதப்பவும் அழுத்தறீங்க? மிஷின் நடுநடுவுல சும்மா சத்தம் மட்டும் குடுக்கும், ஏமாத்தறாங்களான்னு பாக்க. இது பாஸு, ஃபெயிலு பரீட்சை இல்லம்மா. தெரியலேன்னா தெரியல. அப்பத்தான் டாக்டர் மருந்து எழுத முடியும்."

மன்னிச்சுக்கோ கண்ணு என்றேன். பரவாயில்லை, முதலிலிருந்து போடலாம் என்றாள். கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். மறுபடியும் முகவாயை வைத்தேன். மஞ்சள் புள்ளி வந்தது.

சத்தம் கேட்டது. எங்கோ ஒரு வெளிச்சம் வந்துவிட்டுப் போயிருக்கும். சத்தம் கேட்டது. இன்னொன்று. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது.

அழுத்தவில்லை.